கிளட்ச் பிளேட் ஏன் எரிந்தது?

ஓடித் தேய்ந்த ஆட்டோமேட்டிக் கார் ஒன்று இழுக்கவில்லை என்று ஒர்க்ஷாப்புக்கு வந்தால், திருவனந்தபுரத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கியர் பாக்ஸை இறக்குவார்கள், திறப்பார்கள், உள்ளே கருகிக் கிடக்கும் கிளட்ச் பிளேட்டுகளை எடுத்து ஓனர் முன்னால் வைப்பார்கள். கண்ணெதிரே கரி இருக்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. புது பிளேட், புது கேஸ்கெட் போட்டு மூடி, ஆயில் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன வண்டிகளில் பல, அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே புகாரோடு திரும்பி வருகின்றன. போட்ட ஸ்பேர் டூப்ளிகேட் என்பார் ஓனர். ஓனருக்கு ஓட்டத் தெரியவில்லை என்பார் மெக்கானிக். அநேகமாக இரண்டுமே தவறு. பிளேட் தானாக எரிவதில்லை. அதை எரித்த காரணம் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு எத்தனை பிளேட் மாற்றினாலும் எரியத்தான் செய்யும். ஆட்டோமேட்டிக் ரிப்பேரில் முக்கால் வேலை ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழில் எனக்குக் கற்றுத் தந்த முடிவு. அதற்கான காரணங்களை இங்கே வைக்கிறேன்.

எந்தப் பெட்டியைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2014-ல் மாருதி செலேரியோவோடு பரவலான ஏ.எம்.டி. இதில் சேராது. அது கிளட்சையும் கியரையும் நமக்காக வேறொரு கருவி மாற்றித் தரும் மேனுவல் கியர் பாக்ஸ்தான். நான் பேசுவது அதற்கு முந்தைய வண்டிகளைப் பற்றி: 1998-ல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டி, சான்ட்ரோ, ஐ10, கொரோலா ஆல்டிஸ் போன்றவற்றின் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். இன்றைக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகள் இவை. இந்தப் பெட்டிக்குள் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது ஆயில் பிரஷர் மட்டுமே. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரே ஒரு பம்ப் அந்தப் பிரஷரை உண்டாக்குகிறது. வால்வ் பாடி அதைப் பங்கிட்டு, எந்த கியருக்கு எந்த கிளட்ச் தேவையோ அதன் பிஸ்டனுக்கு அனுப்புகிறது. பிஸ்டன் நகர்ந்து, ஸ்டீல் தகடும் உராய்வுத் தகடும் மாறி மாறி அடுக்கிய கட்டை இறுக்குகிறது. பிரஷர் சரியாக இருந்தால் தகடுகள் ஒன்றாகச் சுற்றும், தேய்மானம் மிகக் குறைவு. பிரஷர் சற்றுக் குறைந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். வழுக்கலில் பிறக்கும் சூடு நேராகத் தகட்டில்தான் இறங்கும். ஆக, கருகிய தகடு எதையாவது நிரூபிக்கிறதென்றால், அங்கே பிரஷர் போதவில்லை என்பதை மட்டுமே நிரூபிக்கிறது. ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பதில் பல இடங்களில் இருக்கலாம். ஆயில் குறைந்திருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். பம்பின் புஷ் தேய்ந்திருக்கலாம். பிஸ்டன் விளிம்பில் இருக்கும் ரப்பர் சீல் வயதாகி இறுகி, ஆயிலைப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டிருக்கலாம். பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வு தன் அலுமினியத் துளையைத் தேய்த்து அகலமாக்கியிருக்கலாம். சோலனாய்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஹோண்டாவின் சோலனாய்டு கேஸ்கெட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு வலை உண்டு. அதில் தூசு படிந்தாலே கியர் மாற்றம் கெடும். அந்த வலையைச் சுத்தம் செய்ய கியர் பாக்ஸை இறக்க வேண்டியதே இல்லை. இத்தனையும் ஒரே அடையாளத்தைத்தான் காட்டும்: வண்டி இழுக்காது, ஆர்.பி.எம். ஏறும். அடையாளம் ஒன்று, காரணம் ஏழு என்றிருக்கும்போது முதல் நாளே பெட்டியைத் திறப்பது யூகத்தின் மேல் பணம் கட்டுவது.

திறக்காமல் பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் ஆயிலை ஒரு சொட்டு வெள்ளைத் தாளில் விட்டுப் பார்க்கலாம். நல்ல ஆயில் சிவப்பாகவே பரவும். வயதான ஆயில் பழுப்பாக இருக்கும், அது மட்டும் ஆபத்தல்ல. நடுவில் கறுப்புப் பொடி தங்கி, தீய்ந்த வாடையும் அடித்தால் தகடு கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து அடிச்சட்டியைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தைப் பார்க்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் காந்தத்தில் ஏதாவது ஒட்டியிருக்கும். திருநீறைக் குழைத்துப் பூசியது போல மெல்லிய சாம்பல் நிறப் பசை என்றால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு வைக்கலாம். விரலுக்கிடையே தேய்க்கும்போது நெருடும் கம்பித் துணுக்கு என்றால் பேரிங்கோ கியரோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கு என்றால் புஷ் போகிறது. சட்டியின் அடியில் கறுப்புச் சேறு என்றால் அது உராய்வுத் தகட்டின் மேல்பூச்சு. அரை மணி நேரம் சட்டியைப் படித்தால் பெட்டியின் ஜாதகம் பாதி தெரிந்துவிடும். ஆனாலும் சட்டியை அப்படியே வேஸ்ட் ஆயிலில் கவிழ்த்துவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம்.

அதற்கடுத்தது ஸ்டால் டெஸ்ட். ஆயில் சூடான பிறகு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை முழுக்க மிதித்து, டி-யில் போட்டு ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி எஞ்சின் எந்த ஆர்.பி.எம்.மில் நிற்கிறது என்று பார்ப்பது. 5 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, அடுத்த முறைக்கு முன் ஆயில் ஆற வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த எண்ணைவிட டி-யிலும் ரிவர்ஸிலும் அதிகமாக ஏறினால், இரண்டுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது. அதாவது மொத்தப் பிரஷரே குறைவு, பம்ப், ஃபில்டர், ஆயில் அளவு பக்கம் போக வேண்டும். டி-யில் மட்டும் ஏறி ரிவர்ஸ் சரியாக இருந்தால், சந்தேகம் முன்னோக்கி ஓட்டும் கிளட்ச் பக்கம் போக வேண்டும். இரண்டிலும் எண் குறைவாக இருந்தால் கியர் பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் எஞ்சினுக்குச் சக்தி இருக்கிறதா என்றும் கன்வெர்ட்டர் சரியா என்றும் பார்க்க வேண்டும். இதோடு பெட்டியின் டெஸ்ட் போர்ட்டில் பிரஷர் கேஜை மாட்டிவிட்டால் யூகத்துக்கே இடமில்லை. பல 4-கியர் பெட்டிகளில் டி-யில் சும்மா நிற்கும்போது 4 கிலோவை ஒட்டியும் ஸ்டாலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் காட்டும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் மேனுவலைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. இந்த கேஜுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஊரில் எத்தனை ஒர்க்ஷாப்பில் அது இருக்கிறது என்று ஓனர்களே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்கேனர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது இன்றைய இளைஞர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஸ்கேனர் பல நேரம் காப்பாற்றுகிறது. ஹூண்டாயின் 4-கியர் பெட்டிகளில் வேக சென்சார் ஒன்று கெட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காகப் பெட்டியை 3-வது கியரிலேயே நிறுத்திவிடும். நின்ற இடத்திலிருந்து 3-வது கியரில் கிளம்பும் வண்டி இழுக்காது. பெட்டி போய்விட்டது என்று ஓனர் தலையில் கை வைப்பார். உண்மையில் மாற்ற வேண்டியது ஒரு சென்சார். இதை ஸ்கேனர் உடனே சொல்லும். ஆனால் பி0730 என்று ஒரு கோட் வந்தால் அது சொல்வது, கியர் விகிதம் கணக்குப்படி இல்லை என்பதை மட்டும். எங்கோ வழுக்குகிறது என்பது ஓனருக்கே தெரிந்த சேதி. எதனால் என்பதைத் திரை சொல்லாது. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி உதறுவதையும் இப்படித்தான் தவறாகப் படிக்கிறார்கள். அது கன்வெர்ட்டரை நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச்சின் உதறலாக இருக்கலாம், இக்னிஷன் காயில் தவறுவதாகவும் இருக்கலாம். அதே வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக் பெடலை லேசாகத் தொட்டால் போதும். பிரேக் சுவிட்ச் லாக்-அப்பை விடுவித்துவிடும். உதறல் அந்தக் கணமே நின்றால் கன்வெர்ட்டர் பக்கம், தொடர்ந்தால் எஞ்சின் பக்கம். காலியான சாலையில் இதைச் செய்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது.

காரணங்களில் இந்த ஊருக்கே உரியவை என்று சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முதலாவது சூடு. திருவனந்தபுரம் சமதள நகரமல்ல. பிளாமூட்டிலிருந்து பி.எம்.ஜி.க்கு ஏறுவதும், கேசவதாசபுரத்திலிருந்து எம்.சி. ரோட்டில் நாலாஞ்சிற பக்கம் ஏறுவதும், காலை நேரத்தில் அங்குலம் அங்குலமாக நடக்கும். அந்த வேகத்தில் லாக்-அப் பிடிக்காது. கன்வெர்ட்டருக்குள் ஆயில் ஆயிலைத் தள்ளியே வண்டியை ஏற்ற வேண்டும், அத்தனை இழப்பும் சூடாக மாறும். விடுமுறையில் பொன்முடி ஏறினால் 22 கொண்டை ஊசி வளைவிலும் இதே கதை. 80, 90 டிகிரியில் ஆயில் பல வருஷம் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. 120-ஐத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் ஆயில் வார்னிஷாகி வால்வுகளில் படியும், சீல் ரப்பர் இறுகும். இறுகிய சீல் பிரஷரை விடும், பிரஷர் போனால் தகடு வழுக்கும், வழுக்கல் இன்னும் சூட்டைக் கூட்டும். கடைசியில் பெட்டியைத் திறக்கும்போது தகடுதான் கண்ணில் படும், சீல் யார் கண்ணிலும் படாது.

இரண்டாவது, கிணற்றுத் தண்ணீர். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பெரும்பாலான வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே கூலன்ட், உள்ளே ஆயில், நடுவில் மெல்லிய உலோகச் சுவர். வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும் ஊரில், ரேடியேட்டர் குறைந்தால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது இயல்பாகிவிட்டது. வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் சற்று அமிலத் தன்மை கொண்டது. கூலன்டில் இருக்கும் துருத் தடுப்பு அதில் கிடையாது. வருஷக்கணக்கில் அது சுவரை அரித்து ஒரு நாள் ஓட்டை விழும். ஆயில் பால் கலந்த ரோஸ் நிறமாகும். உராய்வுத் தகட்டின் மேல்பூச்சு காகித நாரால் ஆனது, பசையால் ஒட்டியது. தண்ணீரும் கூலன்டும் அந்தப் பசையை விட்டுப்போகச் செய்யும். இந்த நிலையில் பெட்டியை மட்டும் புதுப்பித்து ரேடியேட்டரைப் பழையதாக விட்டால், புதுத் தகட்டுக்கும் அதே கதிதான். நல்ல கூலன்ட் ஊற்றினாலும் கூலர் உடையாது என்றில்லை. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், ஃப்ரன்டியர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருந்த கூலர் உடைந்து கியர் பாக்ஸ்கள் கெட்டதும், வழக்கு நடந்து வாரண்டியை நீட்டித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. தண்ணீர் ஊற்றுவது அந்த நாளை முன்கூட்டியே வரவழைக்கிறது.

மூன்றாவது வெள்ளம். மழை வலுத்தால் தம்பானூர் மூழ்குவது பழைய செய்தி. 2023 அக்டோபர் நடுவில் பெய்த மழையில் கௌரீசபட்டம், கண்ணம்மூலை, டெக்னோபார்க் சுற்றுவட்டாரமெல்லாம் நீரில் நின்றன. ஓடிச் சூடான கியர் பாக்ஸ் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எஞ்சின் நின்றதைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். எஞ்சின் ஆயிலை மாற்றி, ஏர் ஃபில்டரை மாற்றி, வண்டி ஓடுகிறதென்று நிம்மதியாவார்கள். சில மாதங்கள் கழித்து கியர் பாக்ஸ் கெடும்போது அந்த மழையை யாரும் நினைக்க மாட்டார்கள்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். பழைய பெட்டியில் ஆயிலை மாற்றினால் பெட்டியே போய்விடும், அதைத் தொடாமல் விடுவதே நல்லது என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். இதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பெட்டிக்குக் கடைசி நேரத்தில் புது ஆயில் ஊற்றினால் காப்பாற்றாது. அடுத்த மாதம் அது நிற்கும்போது பழி ஆயிலின் மேல் விழும். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுவது, படிந்து கிடந்த சேற்றைக் கிளப்பி வால்வில் சிக்க வைக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் இவை தவறான நேரத்துக்கும் தவறான முறைக்கும் எதிரான வாதங்கள். பிளக்கைத் திறந்து வடித்து, அதே அளவு ஊற்றுவதில் இந்த ஆபத்து கிடையாது. சிறிய கார் ஒன்றில் மொத்தம் 6 லிட்டர் அளவுக்கு ஆயில் இருந்தால், வடிப்பதில் இறங்குவது 40 சதவீதம்தான், மீதி கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று முறை செய்தால் முதலில் 40, பிறகு 64, கடைசியில் 78 சதவீதம் புது ஆயிலாகிவிடும். வயதான பெட்டிக்கு இந்த நிதானம்தான் பொருத்தம். எந்த ஆயில் என்பதில் மட்டும் சமரசம் கூடாது. சிவப்பு என்பது வெறும் சாயம். பவர் ஸ்டீயரிங்குக்கும் அதே நிறத்தில் ஆயில் வருவதால் கடைக்காரர் எதையாவது எடுத்துத் தருகிறார். எஸ்.பி.-3 கேட்கும் பெட்டிக்கு டெக்ஸ்ரான் ஊற்றினால் உராய்வுக் கணக்கே மாறிவிடும், நல்ல தகடும் உதறும். டார்க் கன்வெர்ட்டர் வகையில் சேராது என்றாலும், 2003-ல் வந்த சிட்டியின் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. பெட்டி கிளம்பும்போது உதறுவது அந்த மாடலை அறிந்தவர்களுக்குப் பழக்கமான புகார். அதற்குரிய ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் கிளட்சை முறைப்படி மறுபடி பழக்கினாலே பல வண்டிகள் சரியாகின்றன. அதற்குச் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் பெல்ட்டே கெடும்.

அடுத்தது, செகண்ட் ஹேண்ட் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமே என்பது. கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை என்று தேடினால் கிடைக்கும், இரண்டு நாளில் வண்டி ஓடும், செலவும் குறைவு. நான் இதை அடியோடு மறுக்கவில்லை. கேஸ் உடைந்த பெட்டிக்கும், கியர் பல் சிதறிய பெட்டிக்கும் இதுதான் வழி. ஆனால் அங்கே கிடைப்பதும் அதே வயது பெட்டிதான், அதன் சீலும் அதே வயது ரப்பர்தான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு மூழ்கிய கார்கள் வரிசையாக ஏலத்துக்குப் போனதை நினைத்தால், சந்தையில் கிடைக்கும் பெட்டி எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமானது, பழைய பெட்டி கக்கிய சேறு கூலரிலும் குழாயிலும் அப்படியே தங்கியிருக்கும். கூலரை மாற்றாமல், குறைந்தபட்சம் கழுவாமல் பெட்டியை மட்டும் மாற்றினால், அந்தச் சேறு முதல் நாளே புதுப் பெட்டிக்குள் போகும். காரணத்தைக் கண்டுபிடிக்கும் கடமையிலிருந்து பெட்டி மாற்றுவது யாரையும் விடுவிப்பதில்லை.

வண்டியின் மதிப்பே இவ்வளவுதான், அதற்கு இத்தனை செலவா என்ற வாதம்தான் எல்லாவற்றையும்விடக் கனமானது. 15 வருஷம் முடிந்த கார், ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் மட்டும் 2022 ஏப்ரல் முதல் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது, பிறகு வரி, டெஸ்ட் என்று வரிசையாக நிற்கிறது. இதில் ஓவர்ஹாலும் சேர்ந்தால் விற்றுவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. சில வண்டிகளை விற்பதே சரி என்று நானும் சொல்வேன். சி.வி.டி.யின் புல்லியில் பெல்ட் கோடு போட்டுவிட்டால் அதற்குச் செலவழிப்பது வீண். ஆனால் இந்த வாதம் முழு ஓவர்ஹாலின் விலையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு பேசுகிறது. சென்சார், சோலனாய்டு, வலை, ஆயில், ஃபில்டர் இவற்றில் முடியும் வண்டிகளையும் அந்தப் பெரிய தொகையைக் காட்டித்தான் விற்க வைக்கிறார்கள். எது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு வைத்திருப்பதா விற்பதா என்று கணக்குப் போடுவதுதான் கணக்கு.

இதில் தொழில் பக்கமும் ஒரு கோளாறு இருக்கிறது. பார்த்துச் சொல்வதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கேஜ் மாட்டி, ஸ்டால் பார்த்து, சட்டியைப் படித்து, ஒரு நாள் முழுக்க உழைத்து 'இந்த சென்சாரை மாற்றுங்கள், போதும்' என்று சொல்லும் மெக்கானிக்குக் கிடைப்பது சென்சார் விலையும் ஒரு டீயும். பெட்டியை இறக்கித் திறந்தவருக்குக் கூலி முழுதாகக் கிடைக்கிறது. இப்படி இருந்தால் எல்லோரும் திறக்கத்தான் செய்வார்கள். ஆகவே பரிசோதனைக்கென்று தனிக் கூலியை மெக்கானிக்குகள் வெளிப்படையாகக் கேட்க வேண்டும், ஓனர்கள் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். பதிலுக்கு ஓனர்கள் கேட்க வேண்டியதும் உண்டு. டி-யிலும் ரிவர்ஸிலும் ஸ்டால் ஆர்.பி.எம். எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, சட்டியில் என்ன இருந்தது, கூலரும் ரேடியேட்டரும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். தகடு எரிந்திருந்தால் எதனால் எரிந்தது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அதை எழுதித் தர மறுக்கும் இடத்தில் உங்கள் கியர் பாக்ஸைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள்.